செடிக்கு முழு கோர்ஸ்

மருந்துக்கடைக்காரருக்குத் தெருவில் 'மூணுவேளை' என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. சொன்னாலும் அவர் கோபப்படப் போவதில்லை, பட்டம் கொடுத்ததாகத்தான் நினைத்துக்கொள்வார். உலகத்தில் உருப்படுகிறவர்கள், உருப்படாதவர்கள் என்று இரண்டே வகை மனிதர்கள்தான் என்பது அவர் கட்சி. வேளை தவறாமல் மாத்திரை விழுங்குகிறவர்கள் முதல் வகை. அந்த வகையில் தன்னைத் தவிர வேறு யாரையும் அவர் இதுவரை சந்தித்ததில்லை.

கடைக்கு வருகிற ஒருவரையும் அவர் மதிக்க மாட்டார். காய்ச்சல் விட்டதும் மருந்தை நிறுத்துகிறவன் முட்டாள். "ரெண்டு மாத்திரை மட்டும் குடுங்க, பாத்துட்டு அப்புறம் வாங்கிக்கிறேன்" என்கிறவள் அவனைவிட முட்டாள். "என்னத்தைப் பாப்பீங்க? உங்க ரத்தத்துக்குள்ள எட்டிப் பாப்பீங்களா?" என்று கேட்டு, முழு அட்டையையும் தலையில் கட்டித்தான் அனுப்புவார். பார்ப்பது என்ற காரியத்தின் மேலேயே அவருக்கு ஓர் இளக்காரம். பார்க்கிறவன் ஏமாறுவான், அளக்கிறவன் ஏமாற மாட்டான் என்பார்.

இப்படிப்பட்ட மகானிடம்தான் அவர் மனைவி தன் செடியை விட்டுவிட்டுப் போனாள்.

அவள் பள்ளிக்கூட ஆசிரியை. வேறு ஊருக்கு மாற்றல் வந்தபோது, முடியாது என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. கிளம்புகிற அன்று பூசி மெழுகாமல் விஷயத்தைப் போட்டு உடைத்தாள். "திரும்பி வரதா, அங்கேயே இருந்துடறதான்னு நான் இன்னும் முடிவு பண்ணலைங்க. லீவுக்கு வரும்போது சொல்றேன்."

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. என்ன குறை வைத்தார்? மாதம் பிறந்தால் வீட்டுச் செலவு, தலைவலி என்றால் மாத்திரை, பிறந்த நாள் என்றால் புதுத்துணி. எதுவும் தேதி தவறியதில்லையே! இதை அவர் சொன்னதும் அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவருக்குப் பிடிக்கவில்லை.

பிறகு சமையலறை ஜன்னலில் இருந்த சின்னத் தொட்டியைக் காட்டினாள். உள்ளங்கைக்குள் அடங்குகிற செடி. கொழுகொழுவென்று சதைப்பிடிப்பான இலைகள், அடுக்கடுக்காக. "இது தண்ணிய இலைக்குள்ளயே சேத்து வச்சுக்கும், அடிக்கடி கேக்காது. மண்ணுக்குள்ள விரலை விட்டுப் பாருங்க. நல்லாக் காஞ்சிருந்தா, கீழ் ஓட்டை வழியா ஒழுகற வரைக்கும் ஊத்துங்க. தட்டுல நிக்கறதைக் கொட்டிடுங்க. ஈரம் இருந்தா பேசாம விட்டுடுங்க. அவ்வளவுதான்."

"எத்தனை நாளைக்கு ஒரு தடவை?"

"அதான் சொல்றேனே, பாத்துட்டு ஊத்துங்க."

"வேளையைச் சொல்லு."

"வேளையெல்லாம் அதுக்குக் கிடையாதுங்க. வெயிலைப் பொறுத்தது, காத்தைப் பொறுத்தது. தாகம் எடுத்தா இலை லேசாச் சுருங்கும். அதுவே சொல்லும்."

செடி சொல்லுமாம்! அவள் ரயில் ஏறின கையோடு அவர் அந்த அறிவுரையைக் காற்றில் பறக்கவிட்டார். விரல் என்ன ஒரு கருவியா? டீக்குச் சர்க்கரையைக் கண்ணளவில் அள்ளிப் போடுகிற கூட்டம், செடியையும் விரலால் வளர்க்கச் சொல்கிறது. இருமல் மருந்தோடு வருகிற பிளாஸ்டிக் மூடியில் கோடு வரைக்கும் தண்ணீர் பிடித்தார். காலையில் காப்பிக்குப் பின் ஒரு மூடி, ராத்திரி படுக்கைக்கு முன் ஒரு மூடி. செடி சின்னது என்பதால் நடு வேளையைப் பெருந்தன்மையோடு தள்ளுபடி செய்தார். தட்டில் தேங்கியதைக் கொட்டவில்லை. கொடுத்த மருந்தை எந்த மடையனாவது கொட்டுவானா?

மனைவி போன் செய்தாள். "செடி எப்படி இருக்கு?"

"ஒரு வேளை தவறலை."

"அது இருக்கட்டும், எப்படி இருக்கு?"

"அதான் சொன்னேனே."

அவள் அதற்குமேல் கேட்காமல் போனை வைத்துவிட்டாள். நாம் சொன்னதில் அசந்துபோய்விட்டாள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

மழைக்காலம் வந்தது. வெயில் ஜன்னல் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மூடிக் கணக்கு மட்டும் மாறவில்லை. கீழ் இலைகள் மஞ்சளடித்து, கூழாகி, தொட்டால் உதிர ஆரம்பித்தன. வாட்டம் என்றால் தாகம்தானே என்று ஒரு மூடியை இரண்டாக்கினார். மண்மேல் வெள்ளையாகப் பூசணம் பூத்தது. அதற்குப் படர்தாமரைப் பவுடரைத் தூவினார். தெம்புக்காகக் குளுக்கோஸ் கலந்து கொடுத்தார். கடையில் இருந்த சரக்கில் அந்தச் செடிக்குப் போடாதது கண் சொட்டு மருந்து மட்டும்தான்.

இந்த நேரத்தில் மச்சினன் வந்து சேர்ந்தான். மனைவியின் தம்பி, சரக்கு வேன் ஓட்டுகிறவன். சாவியை வேனுக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டு நடுரோட்டில் நிற்கிற ஜாதி. அவர் அவனைத் தடியன் என்றுதான் கூப்பிடுவார், அவனும் பல்லைக் காட்டுவான். அக்கா கேட்ட கம்பளிப் போர்வையை எடுத்துப்போக வந்தவன், தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குள் நுழைந்து மூக்கைப் பொத்திக்கொண்டான்.

"என்ன மாமா, இந்த நாத்தம் நாறுது?"

"வைத்தியம் நடக்குது."

தடியன் தொட்டிப் பக்கம் குனிந்து முகர்ந்தான். "அழுகுது மாமா. தண்ணிய நிறுத்துங்க. அக்கா வந்து பாத்தா என்ன நினைக்கும்?"

"பாதியில நிறுத்தக் கூடாது. கோர்ஸ் முடியணும். நடுவுல விட்டா நோய் ரெண்டு மடங்காத் திரும்பி வரும். உனக்கென்ன தெரியும், வேன் ஓட்டற பய."

"எனக்கு ஒண்ணும் தெரியாது மாமா. நாறுதுன்னு தெரியுது, அவ்வளவுதான்."

போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் போய்விட்டான். அவருக்கு முதல் தடவையாகப் பயம் தட்டியது. உள்ளதைச் சொன்னால், அவள் இல்லாத வீடு அவருக்குப் பிடிக்கவே இல்லை. கடையைப் பூட்டிக்கொண்டு வந்தால் பேச ஆளில்லை, கேட்க ஆளில்லை, திட்டக்கூட ஆளில்லை. அவள் திரும்பி வரவேண்டும். அதற்குள் இந்தச் சனியன் பிடித்த செடி நிமிர வேண்டும். பயந்த மனிதன் என்ன செய்வானோ அதைச் செய்தார். தெரிந்த ஒன்றையே கூடுதலாகச் செய்தார். தள்ளுபடி செய்த நடு வேளையையும் சேர்த்துவிட்டார், அதற்காகவே மத்தியானம் கடையை அடைத்துவிட்டு ஓடி வந்தார்.

ஒரு நாள் தட்டைத் துடைக்கலாம் என்று செடியைப் பிடித்துத் தூக்கியபோது, தலை மட்டும் கழுத்தோடு கையில் வந்தது. தண்டு கறுத்து, கொழகொழவென்று கிடந்தது. 'மட்டமான ஜாதிச் செடி' என்று அவர் வாய்விட்டே சொன்னார். சொல்லிவிட்டு, தலையைத் திரும்ப மண்ணில் செருகி, அதற்கும் ஒரு மூடி ஊற்றினார்.

லீவு விட்டதும் அவள் வந்தாள். தடியன்தான் வேனில் அழைத்து வந்தான். பெட்டியை வாசலிலேயே வைத்துவிட்டு நேரே சமையலறைக்குப் போனாள். தொட்டியைப் பார்த்தாள். மண்ணுக்குள் விரலை விட்டாள், விரலைச் சுற்றிக் கலங்கல் தண்ணீர் மேலே வந்தது.

"எப்போ வாட ஆரம்பிச்சது?" என்று கேட்டாள்.

எந்த வேளைக்கு எத்தனை மூடி என்று கேட்டிருந்தால் தூக்கத்தில்கூட ஒப்பித்திருப்பார். எப்போது வாட ஆரம்பித்தது என்பது அவருக்குத் தெரியவில்லை.

"ஒரு வேளைகூட நான் தவறலை," என்றார்.

"தவறியிருக்கலாமே," என்றாள் அவள். "கொஞ்ச நாள் மறந்து தொலைச்சிருந்தீங்கன்னா பொழைச்சிருக்கும்."

கத்தியிருந்தால் அவரும் பதிலுக்குக் கத்தியிருப்பார். அவள் விரலைக் குழாயில் கழுவிக்கொண்டிருந்தாள். அந்த நிதானம் அவரை என்னவோ செய்தது. பேச்சை எப்படியாவது மாற்றியாக வேண்டும். பார்க்கவில்லை என்பதுதானே இவளுக்குக் குறை, பார்த்துவிட்டால் போகிறது என்று, அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். அப்பாடா, சொல்வதற்கு ஒன்று கிடைத்துவிட்டது.

"கண்ணாடி போட்டிருக்கியே! எடுப்பாத்தான் இருக்கு. அங்க போய் வாங்கினதா?"

வாசலில் நின்ற தடியன்கூடத் தலையைக் குனிந்துகொண்டான்.

"இல்லைங்க," என்றாள் அவள். "இந்த வீட்டுல இருந்தப்பவே இதைத்தான் போட்டிருந்தேன். ரெண்டு வருஷமா."

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, தம்பிக்குக் கண்ணைக் காட்டினாள். திறக்காத பெட்டியை அவன் மறுபடியும் தூக்கி வேனில் வைத்தான்.

"போறேங்க," என்றாள்.

போயிட்டு வரேன் என்று சொல்லவில்லை. அதை அவர் கவனித்தார்.