கலப்பைக்கு எந்தப் பச்சை

பத்தாங் காலியில் அந்தத் தாமான் குடியிருப்பில் புருஷன் பெண்டாட்டி சண்டையென்றால் பத்து நிமிடத்தில் தெருக்கோடி வரை தெரிந்துவிடும். கார்த்திகேசு வீட்டில் சண்டை போட ஆளில்லை. அமராவதி போய்ச் சேர்ந்து மூன்று வருஷம். அதனால் தெரு அவர் வாசலில் கிடக்கும் சட்டிக் கலப்பையைப் பேசியது. டிராக்டரே இல்லாதவருக்கு சட்டி சட்டியாக மூன்று இரும்புத் தட்டு வைத்த கலப்பை எதற்கு?

எஸ்டேட்டில் பன்னிரண்டு வருஷம் அவர் டிராக்டரில் பூட்டி ஓட்டிய கலப்பை அது. தோட்டம் வீடமைப்புக்குப் போனபோது பழைய இரும்புக் கடைக்குப் போயிருந்ததைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்தார். பழையபடியே ஆக்கிவிட வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

ஃபேஸ்புக்கில் பழைய டிராக்டர் பிரியர்கள் குழுவில் படம் போட்டுக் கேட்டார். கம்பெனியிலிருந்து நீலமாகத்தான் வந்தது, மற்றதெல்லாம் போலி என்று எங்கேயோ ஒரு வெள்ளைக்காரர் நிறத்தின் எண்ணோடு பதில் எழுதினார். கார்த்திகேசு மெஷினை வைத்துத் தேய்த்தார். மேலே பச்சை, அதன்கீழ் சிவப்பு, அதன்கீழ் மஞ்சள், அடியில் நகமளவு நீலம். லயத்து வரிசை வீடுகளின் கதவுகளுக்கு அடித்து மிஞ்சிய பெயிண்டை ஆயுத பூஜைக்கு முன் கலப்பைக்கு அடிப்பது அவர்கள் தோட்டத்து வழக்கம். கதவு மாறினால் கலப்பையும் மாறும்.

தூசி பறந்து பக்கத்து வீட்டு அன்னம்மாவின் கொடித்துணியெல்லாம் பச்சையானது. மூன்று நாள் முணுமுணுத்தாள்.

அந்த எண்ணிலேயே வாங்கி அடித்த நீலம் கச்சிதமாக வந்தது. குழுவில் இருநூறு பேர் கட்டைவிரல் தூக்கினார்கள். அன்று சாயங்காலம் கலப்பைக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். யார் வீட்டுக் கலப்பையோ போலிருந்தது. ஒரு நாள்கூட அதை அவர் நீலமாகப் பார்த்ததில்லையே. அவர் ஓட்டியது பச்சை. அவர் வீட்டுக் கதவும் அதே பச்சை. "நம்ம கதவைக் கழட்டி எங்க இழுத்துக்கிட்டுப் போறீங்க?" என்று அமராவதி வாசலில் நின்று கேலி பண்ணிய பச்சை.

சுரண்டிய தூளையாவது தேடினார். சாக்கடையில் மழை கழுவிவிட்டிருந்தது. அன்னம்மாவின் துணியைக் கேட்டால் இரண்டு தரம் சோப்புப் போட்டாயிற்றாம். புஞ்சாக் ஆலாமில் இருக்கும் தோட்டத்துப் பழைய கிராணி, கணக்கெழுதிய அழகேசனுக்குப் போன் போட்டார். கதவு காப்பிக் கலர் என்று அடித்துச் சொன்னார் அவர். கடையில் பத்தொன்பது பச்சை இருந்தது. மூன்று சின்ன டின் வாங்கிவந்து சட்டிக்கு ஒரு பச்சையாக அடித்துப் பார்த்தார். காலையில் பார்த்தால் முதல் சட்டி சரி, மத்தியானம் கடைசிச் சட்டி சரி. கேட்டால் சொல்ல இருந்த ஒரே ஆளும் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

கடைசியில் வேலிக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த அன்னம்மாவைக் கூப்பிட்டார். செரண்டாவில் பிறந்தவள், அந்தத் தோட்டத்தின் பக்கமே போனதில்லை. அதெல்லாம் அவளுக்கு ஒரு தடையா? இடுப்பில் கைவைத்து மூன்றையும் பார்த்தாள்.

"நடுச்சட்டிதாண்ணே. சந்தேகமே இல்ல."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"அண்ணிதான் சொல்லியிருக்காங்களே, கதவு கறிவேப்பிலை மாதிரி இருக்கும்னு."

பப்பாளி மரம் எந்த வீட்டுடையது என்ற தகராறில், சாகும்வரை அமராவதி இவளோடு முகம் கொடுத்துப் பேசியதில்லை. குடிவந்த மாதமே ஆரம்பித்த தகராறு அது. தெருவுக்கே தெரியும். கார்த்திகேசுவுக்குத் தெரியாதா?

நடு டின்னைத் திறந்து பிரஷை நனைத்தார். முதல் சட்டியின் மேல் ஒரு இழுப்பு இழுத்தார்.

"அப்படியா சொன்னா?"

"ஆமாண்ணே."

நாற்காலியை அவள் பக்கம் தள்ளிவிட்டார்.

"வேற என்ன சொன்னா?"