சோபாவுக்குப் பின்னால் முளைத்த கதவு

லண்டன் ரெய்னர்ஸ் லேனில் கஸ்பர் வீட்டு முன்னறைச் சுவரில், தை மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், ஒரு கதவு முளைத்தது. காலையில் அந்த இடத்தில் மடு மாதா கலண்டர் தொங்கியது. கதவு வந்தபோது அந்தக் கலண்டர் கசங்காமல் சுருட்டப்பட்டு சோபாவின் மேல் இருந்தது. வந்தது எதுவோ, மரியாதை தெரிந்த ஒன்றுதான். பழைய பாலைமரக் கதவு, பிடியும் இல்லை, பூட்டும் இல்லை. கஸ்பரின் மனைவி எமில்டா முதலில் சிலுவை போடவில்லை. துணியை எடுத்து வந்து அதில் படிந்திருந்த செம்மண் தூசியைத் துடைத்தாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் கிருஷ்ணராசாவின் வீடு. டென்மார்க்கில் பல வருடம் தச்சுவேலை செய்துவிட்டு லண்டனுக்கு வந்தவர். அவர் தன் பக்கத்தில் டிவியைக் கழற்றிப் பார்த்தார், செங்கல்தான் இருந்தது. இதைக் கவுன்சிலுக்கு அறிவிக்க வேண்டுமா என்பதுதான் கஸ்பரின் கவலை. ஹீத்ரோவில் பெட்டி ஏற்றுகிற வேலை அவனுக்கு. அனுமதி இல்லாமல் எதுவும் ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குப் போகக்கூடாது என்று பழகியவன். ஹவுன்ஸ்லோவிலிருந்தும் சவுத்தாலிலிருந்தும் பங்குச் சனம் ரோல்சும் வடையும் கட்டிக்கொண்டு பார்க்க வந்தது. சோபாவில் நெருக்கி உட்கார்ந்து, கதவுக்கு முதுகு கொடுத்து, கதவைப் பற்றியே பேசியது.

கதவு ஏன் வந்தது என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை. மகள் அனோஜினிக்கு மாதம் நிறையுமுன் பிறந்த ஆண்குழந்தை, நத்தார்ப் பண்டிகைக்கு முன்னிருந்தே ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது. மெஷின்தான் அவனுக்காக மூச்சு விட்டது. எமில்டா தினமும் செபமாலை சொன்னாள். ஆனால் அவள் கேட்கிற விதம் அப்படி. பாப்பரசருக்காக, பங்குச் சாமியாருக்காக, உலகத்து நோயாளர்களுக்காக, கிருஷ்ணராசாவின் முழங்காலுக்காக எல்லாம் மன்றாடி முடித்துவிட்டு, இரவல் கேட்க வந்தவள் விடைபெறும்போது வேலிப் படலையில் நின்று சொல்வதுபோல, "எங்கட சின்னவனையும் ஒருக்காப் பாரும் ஆண்டவரே, உமக்குச் சிரமமில்லையெண்டால்" என்பாள்.

கதவென்றால் தட்ட வேண்டும். அதுவும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒருவரும் தட்டவில்லை. அவர்கள் பிறந்து வளர்ந்த இடங்களில் படலையில் நின்று "வீட்டுக்காரர்" என்று கூப்பிடுவார்களே தவிர, கதவைத் தட்ட மாட்டார்கள். தட்டியவர்கள் வேறு ஆட்கள், யுத்த காலத்தில் துப்பாக்கியோடு வந்தவர்கள். மன்னாரில் எமில்டாவின் வீட்டுக் கதவு ஒரே ஒரு தடவைதான் அப்படி அடிபட்டது. அண்ணன் சேட்டுக்குப் பொத்தான் போட்டபடியே வெளியே போனான். பிறகு அவனை ஒருவரும் காணவில்லை. அன்றிலிருந்து அவள் எந்தக் கதவையும் தட்டியதில்லை. லண்டனில் மணி வைத்த வீட்டு வாசலில் நின்றும் போன் எடுத்துத்தான் வந்திருப்பதைச் சொல்வாள்.

அதனால் எமில்டா தினமும் சோபாவின் பக்கத்தில் நின்று கதவைப் பார்த்து மெல்லச் செருமினாள். சில நாட்களில் "வீட்டுக்காரர்" என்று கூப்பிடவும் செய்தாள். செபக்குழுவை நடத்துகிற டொலறஸ் பொறுக்கமாட்டாமல், "தட்டுங்கோ அக்கா! 'தட்டுங்கள் திறக்கப்படும்' எண்டு பூசையில எத்தினை தரம் கேட்டிருக்கிறம்" என்றாள்.

"அப்ப நீர் தட்டுமன்" என்றாள் எமில்டா.

டொலறஸ் கையை ஓங்கினாள். பிறகு அதே கையால் தேத்தண்ணிக் கோப்பையை எடுத்துக்கொண்டாள்.

மாசியில் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் ஆஸ்பத்திரியிலிருந்து அனோஜினி போன் எடுத்தாள். "அம்மா, எல்லாரையும் கெதியா வரச் சொல்லீனம்." கஸ்பர் டாக்சியைக் கூப்பிட்டான். எமில்டா கோட்டுக்குள் ஒரு கையை மட்டும் நுழைத்தபடி முன்னறைக்கு வந்தாள். பயம் வரவேண்டிய இடத்தில் அவளுக்குக் கோபம் வந்தது. இத்தனை வருடமும் எங்கே கிடந்ததோ, அத்தனையும் சேர்ந்து வந்தது. சோபாவில் முழங்காலை ஊன்றி ஏறி, இரண்டு கையாலும் கதவை அடித்தாள். கூரைச் சுண்ணாம்பு உதிர்ந்தது. "திறவும்! எத்தினை நாளா வாசலில நிக்கிறன், கண் தெரியேல்லையோ? பிள்ளையைத் தாரும். சிரமமெண்டாலும் தாரும்!"

"வாறன், வாறன்" என்று உள்ளிருந்து ஒரு குரல் கேட்டது.

கோபமில்லாத குரல். வீட்டின் பின்பக்கத்தில் கைவேலையாக நிற்கிற ஒருவருடைய குரல் போல இருந்தது. சுவர் அதிர்ந்ததில் பதறி ஓடிவந்த கிருஷ்ணராசாவும் அதைக் கேட்டார். அவர் சைவ சமயத்துக்காரர், ஆனாலும் தச்சர். குரலை விட்டுவிட்டுக் கதவின் ஓரத்துக் கீலைத் தடவினார்.

"அக்கா, பிணைச்சல் இஞ்சால கிடக்கு. இது உங்கட பக்கம் திறக்கிற கதவு. சோபாவைப் போட்டு மறிச்சு வைச்சுக்கொண்டு திறவும் எண்டால், அவர் எப்பிடி வாறது?"

வெளியே டாக்சி ஹோர்ன் அடித்தது. "ஆஸ்பத்திரிக்குப் பிந்துது, வாரும்!" என்று கஸ்பர் கத்தினான்.

"இஞ்சருங்கோ, அவர் வாறன் எண்டிட்டார். முதல்ல இடத்தை விடுவம்" என்றாள் எமில்டா. மூவரும் சேர்ந்து அந்தப் பென்னாம்பெரிய சோபாவை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டார்கள். பிறகுதான் அவள் கோட்டின் மற்றக் கையைப் போட்டாள். டாக்சியில் அவள் செபமாலையை வெளியே எடுக்கவில்லை. அழவும் இல்லை.

அவர்கள் போனபோது குழந்தையின் குழாயைக் கழற்றியிருந்தார்கள். விடைகொடுக்கத்தான் கழற்றினார்கள். ஆனால் அவன் தானாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். டொக்டர் இரண்டு தரம் வந்து பார்த்து, மூன்றாம் தரம் கதிரை ஒன்றைக் கொண்டுவந்து போட்டு உட்கார்ந்து பார்த்தார். அனோஜினி தாயின் தோளில் விழுந்து குலுங்கி அழுதாள்.

வீட்டுக்குத் திரும்பியபோது முன்னறைக் கதவு அகலத் திறந்து கிடந்தது. அதற்குப் பின்னால் செங்கல்லும் சாந்தும்தான். ஆனால் வாசல் காலடியில், வீட்டுச் சப்பாத்துகளோடு சப்பாத்தாக, வார் தேய்ந்த ஒரு சோடித் தோல் செருப்பு கழற்றி வைக்கப்பட்டிருந்தது. கஸ்பர் கூட்டுகிற தும்புத்தடியோடு மேல்மாடி வரை தேடிவிட்டு இறங்கி வந்தான். ஒருவரும் இல்லை. "செருப்புக் கிடக்கெல்லே. ஆள் போகேல்லை" என்று சொல்லிவிட்டு எமில்டா சமைக்கப் போனாள்.

இப்போது அவள் செபம் நீட்டி முழக்குவதில்லை. வெங்காயம் உரித்துக்கொண்டே நேராகக் கேட்கிறாள். அண்ணனுக்கு என்ன நடந்தது என்று ஒவ்வொரு பின்னேரமும் கேட்கிறாள். பதில் இன்னும் வரவில்லை. அவளும் விடுவதாக இல்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் செருப்பைச் சுற்றி நடக்கப் பழகிவிட்டார்கள். பேரன் தவழத் தொடங்கியதும் நேரே அங்கேதான் போனான். போன ஞாயிற்றுக்கிழமை அதன் வாரைக் கடித்துக்கொண்டிருந்தபோது எமில்டா கண்டுவிட்டாள்.

"வாயில வையாதை ராசா, அவர் தேடுவார்" என்று அதை வாங்கி, எச்சிலைத் துடைத்து, சோடி சேர்த்து இருந்த இடத்தில் வைத்துவிட்டு, ரொட்டி கருகுமுன் குசினிக்கு ஓடினாள்.