அடிப்பிடிக்காமல் சோறு வைப்பது எப்படி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என்னிடம் யாரும் கதை கேட்கவில்லை. சூரிச் பக்கத்துத் தமிழர்களுக்காக மாதம் ஒருமுறை வரும் சஞ்சிகையில் 'அடுப்படி' என்ற அரைப்பக்கத்தை எழுதுகிறவள் நான். இந்த மாதம் ஆசிரியர் குணசேகரம் கேட்டது, ரைஸ் குக்கரில் அடிப்பிடிக்காமல் சோறு வைக்கும் வழி. வாசகிகள் நிறையப் பேர் கேட்கிறார்களாம். (ஆண் வாசகர்கள் கேட்பதில்லை. சோறு அடிப்பிடிக்கும் என்பதே அவர்களில் பலருக்குத் தெரியாது. ஏனென்று பிறகு சொல்கிறேன்.)

இப்படித் தொடங்கியிருந்தேன்:

தண்ணீர் தெளியும்வரை அரிசியைக் கழுவுங்கள். அரிசியில் இருக்கும் மாப்பசைதான் அடியில் போய்ப் பிடிக்கிறது. குக்கர் தானாக நின்றதும் உடனே திறக்காதீர்கள். சற்று நேரம்

அந்த வசனம் அங்கேயே நிற்கிறது. அப்போதுதான் சச்சிதானந்தன் அண்ணையின் தொலைபேசி வந்தது. அவர் புனிதவதியின் கணவர். புனிதவதி இறந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை.

2

எழுதவந்த குறிப்பு கதை என்று ஆனபிறகு அதற்கு ஒரு தொடக்கம் வேண்டும். முதலில் எழுதியது இது:

"புனிதவதி இறந்த அன்று ஷ்லீரன் நகரில் பனி கொட்டியது."

கொட்டவில்லை. நல்ல வெயில். சுவிஸ் கதை என்றால் பனி கொட்டியே ஆகவேண்டும் என்று யாரோ கட்டளையிட்டதுபோலக் கை தானாக எழுதுகிறது. வெட்டினேன். அடுத்தது:

"வைத்தியசாலையிலிருந்து அவர்கள் திரும்பியபோது, அவள் காலையில் வைத்த சோறு குக்கரில் இன்னும் சூடாக இருந்தது."

இதை வாசித்து நானே அழுதேன். கண்ணைத் துடைத்துவிட்டு இதையும் வெட்டினேன். அன்று அவள் சோறே வைக்கவில்லை. அன்று அந்தக் கட்டடத்தின் பொது மெஷினில் அவளுக்கு உடுப்புத் தோய்க்கும் முறை. முறையைத் தவறவிட்டால் அடுத்தது எப்போது கிடைக்குமோ என்று விடியவே நிலவறைக்கு இறங்கிவிட்டாள். மெஷினுக்கு முன்னால் விழுந்தாள். மூளையில் இரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள்.

நானும் அவளும் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில், பாத்திரம் கழுவும் பெரிய மெஷினின் இரண்டு முனைகளில் வருடக்கணக்காக நின்றவர்கள். அவள் அழுக்குத் தட்டுகளை உள்ளே தள்ளுவாள். நான் மறுபக்கத்தில் எடுத்து அடுக்குவேன். இப்போது அந்தப் பக்கத்தில் வேறொருத்தி நிற்கிறாள். பாவம், நல்ல பிள்ளை. எனக்கு அவளைக் கண்டாலே எரிச்சல் வருகிறது.

3

"தங்கச்சி, வேலையிலையோ நிக்கிறியள்?"

"இல்லையண்ணை, வீட்டைதான். சொல்லுங்கோ."

"சனிக்கிழமை எட்டுச் செலவு வைக்கிறம். உங்களிட்டை ஒண்டு கேக்கவேணும்."

எட்டுச் செலவு என்றால், இறந்தவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து வாழையிலையில் படைத்து, அந்த ஆத்மாவைப் பசியில்லாமல் அனுப்பிவைப்பது. எத்தனை பேருக்குச் சமைப்பது, எந்தக் கடையில் இலை எடுப்பது என்று கேட்கப்போகிறார் என நினைத்தேன்.

"புனிதத்துக்கு என்ன சாப்பாடு விருப்பம்?"

நான் பேனையைக் கீழே வைத்தேன்.

"நீங்கள்தானே அவவோடை ஒண்டா இருந்து சாப்பிடுறனீங்கள். எனக்கு ஒண்டும் ஞாபகம் வரேல்லை தங்கச்சி. மகளைக் கேட்டன். அம்மா எல்லாம் சாப்பிடுவா எண்டுறாள். எல்லாத்தையும் எப்பிடி இலையிலை வைக்கிறது?"

"நீங்கள் ஒருநாளும் அவவைக் கேக்கேல்லையோ அண்ணை?"

"அவதானே என்னைக் கேக்கிறவ."

[இந்த இடத்தில் நீங்கள் இவரை வெறுக்கவேண்டும் என்று திட்டமிட்டிருந்தேன்.]

4

இவரைக் கெட்டவனாக்க நான் நிறைய மினக்கெட்டேன். வசதியும் இருந்தது. சச்சிதானந்தன் அண்ணை ஓர்லிகோனில் ஒரு உணவகத்தில் சமையற்காரர். யன்னலோரத்து மேசைக் கிழவருக்கு உருளைக்கிழங்கு றொஸ்ட்டியில் வெங்காயம் ஆகாது, வங்கியிலிருந்து வரும் பெண்ணுக்கு சோஸ் தனிக் கிண்ணத்தில் வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப்பாடம். ஊரார் நாக்கெல்லாம் தெரிந்தவருக்கு, தன் வீட்டுக் குசினியில் நின்றவளின் நாக்குத் தெரியவில்லை. இதை எழுதியபோது எனக்கு நல்ல திருப்தியாக இருந்தது.

பிறகு அந்தத் தொலைபேசியை நினைத்தேன். கடைசியில் அவர் விம்மியதை நினைத்தேன். மனைவிக்குப் பிடித்தது தெரியாத ஆண்களை எனக்கு நிறையத் தெரியும். தெரியாது என்று வெட்கத்தை விட்டுக் கேட்டவர் இவர் ஒருவர்தான். திட்டம் பாழாய்ப் போயிற்று.

சரி, எனக்கு என்ன தெரியும்? புனிதவதியின் சாப்பாட்டுப் பெட்டி தெரியும். அதில் எப்போதும் முதல்நாள் கறி. திங்கட்கிழமைகளில் நண்டுக் குழம்பு. அந்தக் குழம்பில் நண்டு இருக்காது.

(வந்த இடத்தில் ஒரு குறிப்பு: கண்ணாடி மின்னடுப்பைச் சமையல் முடிவதற்கு முன்பே நிறுத்திவிடுங்கள். மிச்சச் சூட்டில் பருப்பு தானாக வெந்துவிடும். இதை எனக்குச் சொல்லித் தந்தவள் புனிதவதி. மிச்சச் சூட்டில் சமைத்தாள், மிச்சக் குழம்பில் சாப்பிட்டாள்.)

எழுதுகிறவள் நான்தானே, அவளுக்கு நானே ஒரு விருப்பத்தைக் கொடுத்துவிடலாமென்று பார்த்தேன். "புனிதவதிக்குக் கணவாய்ப் பொரியல் என்றால் உயிர்." எழுதி முடிக்கவில்லை, மெஷினின் அந்த முனையிலிருந்து அவள் சிரிப்பது கேட்டது. "ஆருக்கு? எனக்கோ?"

அன்று தொலைபேசியில் அண்ணையிடம் உள்ளதைத்தான் சொன்னேன்.

"எனக்கும் தெரியாதண்ணை."

5

சனிக்கிழமை. சொந்தக்காரர்கள் அவரவர் வீட்டில் சமைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். நண்டு, இறால் பொரியல், ஆட்டிறைச்சி, வடை. புனிதவதியின் படத்துக்கு முன்னால் இலை விரித்திருந்தது. நண்டு அண்ணைக்குப் பிடிக்கும். இறால் மகள் சரணியாவுக்கு. இறைச்சி மகன் அபிசனுக்கு. வடை எல்லோருக்கும். சோறு மட்டும் இந்த வீட்டில் வைப்பதென்று பேச்சு.

கருகல் மணத்தில் நான் குசினிக்குள் ஓடினேன். அபிசன் குக்கருக்கு முன்னால் நின்றான். மின்சார வேலை பார்க்கிற, தோள் அகன்ற பிள்ளை. குக்கரின் பொத்தான் டக்கென்று மேலே வந்தது. அவன் திரும்ப அமத்தினான்.

"தம்பி, என்ன செய்யிறாய்? சோறு எப்பவோ வெந்திட்டுது."

"தெரியும் அன்ரி. அடிப்பிடிக்கோணும்."

"ஏனப்பா?"

"அம்மாவுக்கு அடிச்சோறுதான் விருப்பம். எங்களுக்கு மேல்சோறைப் போட்டிட்டு, அதைத்தான் சுரண்டி எடுப்பா. ஒவ்வொரு நாளும். ஒருத்தரும் கவனிக்கேல்லை. நான் கவனிச்சனான்."

அவன் முகத்தில் அன்றைக்கு முதன்முறையாக ஒரு வெளிச்சம். அந்த வீட்டில் விடை கண்டுபிடித்தவன் அவன்தானே. என்னால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கதவடியில் நின்ற சரணியா சொன்னாள். "டேய், உனக்கு விசரோ? அதை ஆரும் தின்னேல்லை எண்டுதான் அம்மா திண்டவ."

"உனக்கெப்பிடித் தெரியும்? அம்மா சொன்னவவோ?"

"சொல்லோணுமோ?"

"அப்ப அம்மாவுக்கு என்ன விருப்பம்? நீ சொல்லு பாப்பம்."

சரணியா 'இறால்' என்று தொடங்கி, அது தன்னுடைய விருப்பம் என்று கண்டு நிறுத்தினாள். சத்தத்துக்கு வந்த சச்சிதானந்தன் அண்ணை குக்கரைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"தங்கச்சி, சாப்பாட்டுக்காரியம் எழுதிற ஆள் நீங்கள். சொல்லுங்கோ. இதை வைக்கிறதோ, விடுறதோ?"

6

முடிவு ஒன்று. வைக்கிறார்கள். நண்டுக்கும் இறாலுக்கும் நடுவே கறுத்த சோறு. தனக்கென்று இலை விரித்த ஒரே நாளிலும் புனிதவதி சுரண்டியதைத்தான் தின்கிறாள். சொந்தக்காரர்கள் மகனின் பாசத்தை மெச்சுகிறார்கள்.

முடிவு இரண்டு. சரணியா அதைக் குப்பையில் கொட்டுகிறாள். இலையில் வெள்ளைச் சோறு. இருப்பதெல்லாம் மற்றவர்களுக்குப் பிடித்தது. வழக்கம்போல புனிதவதி எட்ட நின்று, மற்றவர்கள் சாப்பிட்டு முடியட்டும் என்று

முடிவு மூன்றை எழுதவே பயமாக இருக்கிறது. அபிசன் சொன்னது சரியாக இருந்தால்? பொன்னிறத்தில் மொறுமொறுவென்ற அடிச்சோறும் சம்பலும் எனக்கேகூடப் பிடிக்கும். அவளுக்கு உண்மையாகவே அதுதான் விருப்பமாக இருந்து, அதையும் நாங்கள் அநியாயம் என்று பெயர் வைத்துக் குப்பையில் கொட்டினால்? எது சரி என்று சொல்லக்கூடியவள் ஒருத்திதான். அவள் படத்தில் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

குணசேகரத்துக்கு இந்த மாதம் குறிப்பு கிடையாது. 'சற்று நேரம்' என்று நின்றுபோன அந்த அரைகுறை வசனத்தை மட்டும் அனுப்பப்போகிறேன்.

குக்கரின் சிவப்பு விளக்கு எரிகிறது. அபிசனின் விரல் பொத்தானில் இருக்கிறது. மூன்று பேரும் என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். நான் உங்களைப் பார்க்கிறேன். என்னால் முடியவில்லை, நீங்கள் சொல்லுங்கள். அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் வீட்டில் சமைக்கிறவர் இப்போது குசினிக்குள்தான் நிற்பார். போய், என்ன விருப்பம் என்று கேளுங்கள். "நான் எல்லாம் சாப்பிடுவன்" என்று சொன்னால் திரும்பிவந்துவிடாதீர்கள். இன்னொருமுறை கேளுங்கள்.

அதுவரை இலையில் ஒரு இடத்தை விட்டுவைத்திருக்கிறேன். கெதியாக வாருங்கள். சோறு கருகுகிறது.