தவளைகள் கத்திய இரவு

பூண்டி ஏரிக்கு அருகே, வயல்களுக்கு நடுவில் இருந்த அந்தப் பண்ணை வீட்டை மருமகன்தான் போனில் பதிவு செய்து கொடுத்திருந்தான். பூந்தமல்லியில் வீட்டு வாசலிலேயே மெட்ரோ வேலை நடக்கிறது. ஒட்டினாற்போல் நஜீர் நாள் முழுக்கத் தகடு தட்டும் டிங்கர் பட்டறை. "ரெண்டு நாள் நிம்மதியா தூங்கிட்டு வாங்க அத்தா" என்று மகள் சஹர் பை கட்டிக் கொடுத்து அனுப்பினாள்.

சாயங்காலம் மழை பெய்து விட்டிருந்தது. சாப்பிட்டுவிட்டு வாசல் விளக்கடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தபோது வயல் முழுக்கத் தவளைகள் கத்திக்கொண்டிருந்தன.

நஜீர் காலை நீட்டிக்கொண்டார். "இன்னா அமைதி பாரு நிசா. ஒரு சத்தம் கீதா?"

கிண்டல் செய்கிறார் என்று நினைத்து அவர் மனைவி ஃபக்ருன்னிசா சிரித்தாள். "இதுங்களுக்கு உங்க பட்டறையே தேவல."

"எதுங்க?"

"தவளைங்க. தொண்டையே கிழிஞ்சிடும்போல கீது."

"எங்க?" என்று அவர் இருட்டுக்குள் கண்ணால் தேடினார்.

அவள் சிரிப்பை நிறுத்தினாள்.

கணவரை அவள் ஒருநாளும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. விளக்கை அணைத்துப் படுத்தபிறகு, அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து மெல்ல "நஜீர்" என்றாள். பிறகு இன்னும் கொஞ்சம் சத்தமாக. அவர் திரும்பவில்லை. தூங்கவும் இல்லை, கால் கட்டைவிரலை ஆட்டிக்கொண்டிருந்தார்.

பட்டறையில் எல்லோருமே கத்தித்தான் பேசுவார்கள். வீட்டில், வெளிச்சத்தில், வாயசைவைப் பார்த்தே சமாளித்திருக்கிறார்.

ஆனால் முக்கியமான எதையும் அவள் இருட்டில்தான் கேட்பாள். தடுப்புக்கு அந்தப் பக்கம் மாமியார் படுத்திருந்த காலத்தில் வந்த பழக்கம். நஜீர் 'ம்' என்றால் சம்மதம். பேசாமல் இருந்தால் விருப்பமில்லை. இரண்டாம் முறை கேட்கக் கூடாது. அப்படித்தான் சஹர் பிளஸ் டூ முடித்த வருஷம் ஒருநாள், அவளுக்கு வேலூரில் நர்சிங் சீட் வந்திருக்கிறது, ஹாஸ்டலில் விடலாமா என்று கேட்டாள். பதில் இல்லை. காலையில் மகளிடம், "அத்தாவுக்கு இஷ்டமில்லம்மா" என்றாள். அடுத்த வருஷம் நிக்காஹ் ஆனது.

ஃபக்ருன்னிசா எழுந்து விளக்கைப் போட்டு அவர் முகத்துக்கு நேரே உட்கார்ந்தாள்.

"சஹர் நர்சிங்குக்கு எழுதிப் போட்டுச்சே. ஞாபகம் கீதா?"

"அது கெடைக்கலியே. நீங்க ரெண்டு பேரும் அப்புறம் பேச்சே எடுக்கல. புள்ள நொந்துபோயிருக்கும், கெளற வேணாம்னு நானும் வுட்டுட்டேன்."

"கெடைச்சுதுங்க. உங்கள கேட்டேன். நீங்க பேசாம இருந்தீங்க."

அவர் அவள் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நானே கொண்டுபோய் வுட்டிருப்பேனே" என்றார். பிறகு, "அதுகிட்ட சொல்லாத நிசா. இப்பத் தெரிஞ்சி இன்னா ஆவப்போவுது?"

அவள் எழுந்து விளக்கை அணைத்தாள்.

விடிந்ததும் சஹர் போன் செய்தாள். ஃபக்ருன்னிசா வயல் வரப்புக்குப் போய்ப் பேசினாள்.

"நல்லா தூங்குனீங்களாம்மா?"

"அத்தாவுக்குக் காது கேக்கலம்மா."

"அய்யோ. எப்பலேர்ந்து?"

வரப்பு ஈரமாக இருந்தது. அவள் அதிலேயே உட்கார்ந்தாள்.

"நீ பிளஸ் டூ முடிச்ச வருஷமே கேக்கல" என்றாள்.

அந்தப் பக்கம் குழந்தை அழுவது கேட்டது. சஹர் அதைச் சமாதானப்படுத்தவில்லை.