கெட்டது என்று எழுதிய ஜாடி

குன்வோர் ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிவிட்டது. ஆனாலும் செவ்வாய்க்கிழமை தவறாமல் மியூசியத்துக்கு வந்து பழைய மேஜையில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டுத்தான் போவாள். மழையானால் என்ன, நார்வேயின் பெர்கன் ஊரில் மழைக்குப் பயந்தால் வீட்டை விட்டே கிளம்ப முடியாது. அன்றைக்குக் காபி அப்படியே ஆறிக் கிடந்தது. டிஎன்ஏ பரிசோதனை செய்யும் இங்வில் கொண்டுவந்த சேதி அப்படி.

அஸ்லாக் பெயர் வைத்த கடல் மட்டியை இனங்களின் பட்டியலிலிருந்து அடிக்கப் போகிறார்களாம். அது தனி இனம்தான் என்பதற்கு மாதக் கடைசிக்குள் ஆதாரம் கிடைக்காவிட்டால் அவ்வளவுதான்.

அஸ்லாக் போய் ஐந்து வருடம். முப்பது வருடத்துக்கு மேல் அவனும் குன்வோரும் இந்த ஒரே மேஜையில்தான் வேலை பார்த்தார்கள். அவன் மட்டிகளைப் பார்த்து இனம் பிரிப்பான். அவள் அவற்றை ஜாடியில் போட்டுப் பாதுகாப்பாள். நாள் முழுக்கச் சண்டை, சாயங்காலம் ஒரே பேருந்தில் வீட்டுக்கு. எண்பத்தேழாம் வருடம் நார்வேக் கடலில், இரண்டாயிரம் மீட்டர் ஆழத்துச் சேற்றிலிருந்து, சுண்டுவிரல் நகமளவு மட்டிகளை வாரி எடுத்தார்கள். ஓட்டின் கீலில் வழக்கத்தைவிட இரண்டு பல் கூடுதலாக இருக்கிறது, இது தனி இனம் என்று அஸ்லாக் அடித்துச் சொன்னான். மற்றவர்களோ சாதாரண மட்டிதான், கொஞ்சம் கோணலாக வளர்ந்திருக்கிறது என்று சிரித்தார்கள். சாகிற வரைக்கும் அந்தச் சிரிப்பு அவனுக்கு ஆறவே இல்லை.

இங்வில் முயற்சி செய்யாமல் இல்லை. போன கோடையில் அதே இடத்துக்குக் கப்பலில் போனாள்; கடலடிச் சரிவு பெயர்ந்து எல்லாவற்றையும் மூடியிருந்தது, ஒரு ஓடுகூட அகப்படவில்லை. மிச்சம் இருப்பவை பழைய ஜாடிகள். பதினோரு ஜாடியையும் பார்த்துவிட்டாள். எல்லாம் ஃபார்மலினில் போட்டவை. சதையை அப்படியே வைத்திருக்கும் அந்த மருந்து, டிஎன்ஏவை மட்டும் நறுக்கிப் போட்டுவிடும்.

"நேரா ஸ்பிரிட்ல போட்டது ஒண்ணே ஒண்ணு இருந்தாலும் போதும்," என்றாள் இங்வில். "ஆனா அந்தக் காலத்துல யாரு அப்படிப் போட்டாங்க?"

யார் போட்டது என்று குன்வோருக்குத் தெரியும். அவளேதான்.

அந்தப் பயணத்தில் ஒருநாள் புயல். கப்பலின் ஜன்னல்களையெல்லாம் இறுக மூடியிருந்தார்கள். ஃபார்மலின் நெடியில் அவளுக்குக் கண் வீங்கி இமையே திறக்கவில்லை. முதலில் ஃபார்மலின், சில நாள் கழித்துத்தான் ஸ்பிரிட் என்பது சட்டம். போங்கடா என்று நேராக ஸ்பிரிட் டின்னைச் சாய்த்து இருபத்து மூன்று மட்டிகளையும் உள்ளே தள்ளிவிட்டாள். அவளுடைய வேலைக்கு வேறு ஆள் தேடிக்கொண்டிருந்த காலம் அது. நெடி தாங்கவில்லை என்று சொன்னால் இவள் கப்பலுக்கு லாயக்கில்லை என்று இறக்கிவிடுவார்கள். அதனால் டின் மாறிவிட்டது என்று புளுகினாள். அஸ்லாக் குதி குதியென்று குதித்தான். சதை சுருங்கிப் போச்சு, இதைத் திறந்து என்னத்தைப் பார்க்கிறது என்றான். ஜாடி மேல் சிவப்பில் 'கெட்டது' என்று எழுதி ஒட்டினான். அதோடு விட்டானா? வருடா வருடம் கிறிஸ்துமஸ் விருந்தில் உலர்ந்த திராட்சையை எடுத்துக் காட்டி, குன்வோர் போட்ட மட்டி என்பான். எல்லாரும் சிரிப்பார்கள், அவளும் சேர்ந்து சிரித்துத் தொலைப்பாள்.

"ஒரு ஜாடி இருக்கு," என்றாள் குன்வோர். "ஆனா பதிவேட்டுல ஏத்தல. காய்ஞ்சு கருவாடா ஆகியிருக்கும்."

அது நியாயமான பயம்தான். ஸ்பிரிட் ஆவியாகிக்கொண்டே இருக்கும். ஜாடிகளை வருடத்துக்கு ஒருமுறை நிரப்பியாக வேண்டும். நிரப்பியதும் உள்ளே கிடக்கும் சீட்டில் பென்சிலால் வருடத்தைக் குறிப்பார்கள், மை என்றால் கரைந்துவிடும். பதிவேட்டில் இல்லாத ஜாடியை எவன் சீந்துவான்?

இருவரும் நிலவறைக்கு இறங்கினார்கள். அடித்தட்டில், சுவரோரமாக அது இருந்தது. சிவப்பு எழுத்து வெளுத்திருந்தது. ஆனால் ஸ்பிரிட் வற்றவே இல்லை, கழுத்துக்கு இரண்டு விரல் கீழேதான் நின்றது.

குன்வோருக்கு ஒன்றும் புரியவில்லை. இங்வில் இடுக்கியால் சீட்டை வெளியே எடுத்து விளக்கடியில் பிடித்தாள். பின்பக்கம் முழுக்க வருடங்கள். எண்பத்தெட்டு, எண்பத்தொன்பது என்று ஒன்றுகூட விடாமல் அஸ்லாக்கின் கோணல் எழுத்தில். கடைசி எண் அவன் செத்த வருடம், கை நடுங்கியிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வரி. இங்வில் அதை வாய்விட்டுப் படித்தாள்: 'குன்வோருக்குக் கண் வீங்கிய நாள்.'

குன்வோர் அங்கேயே ஒரு பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"படுபாவி," என்றாள். "தெரிஞ்சுக்கிட்டேதான் திட்டியிருக்கான்."

சொல்லிவிட்டு அழுதாள். அவன் சாவுக்குக்கூட அவள் அப்படி அழுததில்லை.

மூன்று வாரம் கழித்து, வழக்கமான செவ்வாய்க்கிழமை காபிக்கு, இங்வில் இலவங்கப்பட்டை ரொட்டியோடு வந்தாள். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. இருபத்து மூன்றில் பத்தொன்பது மட்டிகளிலிருந்து டிஎன்ஏ கிடைத்துவிட்டது. பத்தொன்பதும் ஒரே வம்சம். பக்கத்துச் சரிவில் வாழும் சாதாரண மட்டிகளோடு லட்சக்கணக்கான வருடங்களாகக் கலக்கவே இல்லை. தனி இனமேதான். அஸ்லாக் வைத்த பெயர் நிற்கும்.

இதைப் பற்றி எழுதும் ஆய்வுக் கட்டுரையில் ஒரே ஒரு இடம் பாக்கி என்றாள் இங்வில். இந்த ஜாடி மட்டும் ஏன் ஸ்பிரிட்டில் போனது என்று ஒரு வரி எழுத வேண்டும்.

"தவறுதலா நடந்துச்சுன்னு போட்டுடட்டுமா? யாரும் கேக்கப்போறதில்ல."

குன்வோர் ஜாடியைத் தன் பக்கம் இழுத்து, ஸ்பிரிட்டைக் கழுத்துவரை ஊற்றினாள். சீட்டில் அந்தக் கடைசி நடுங்கிய எண்ணுக்குக் கீழே இந்த வருடத்தைப் பென்சிலால் எழுதினாள்.

"தவறுதலா இல்ல," என்றாள். "எனக்குக் கண்ணு எரிஞ்சுது, வேணும்னுதான் போட்டேன். அவனுக்கும் தெரியும். அப்படியே எழுது."