பூட்டுக்காரர் வீட்டுக் குரல்

"ஏங்க, டீ ஆறுது. அப்புறம் சூடு பண்ணித் தான்னு வந்து நின்னீங்கன்னா எனக்குக் கெட்ட கோபம் வரும், சொல்லிட்டேன்."

சமையலறையிலிருந்து குரல் வந்தது. முகமெல்லாம் சவர நுரையோடு கண்ணாடி முன் நின்றிருந்தவர், "இதோ வந்துட்டேன்" என்று பதில் கொடுத்தார். அந்த வீட்டில் தினமும் காலையில் நடக்கிற சங்கதிதான் இது. குரல் கொடுத்தது அவர் மனைவி. ஆனால் அவள் வாய் திறக்கவில்லை. அடுப்பின் பக்கத்தில் நின்றபடி கைபேசித் திரையில் விரலால் ஒரு தட்டு தட்டினாள், அவ்வளவுதான்.

குரல்வளையில் கட்டி. எடுத்தால்தான் உயிர் தங்கும் என்றார்கள்; எடுத்துவிட்டார்கள். இப்போது கழுத்தில் உள்ள சிறு துளை வழியாகத்தான் அவள் மூச்சு விடுகிறாள். அதன் மேல் மெல்லிய துணி ஒன்றைச் சுற்றிக்கொண்டிருப்பாள். அதற்கு முன்னால் அவள் பேசின பேச்சு இருக்கிறதே, அப்பப்பா! பெரிய ஜவுளிக் கடையில் விற்பனைப் பிரிவில் இருந்தாள். கைக்குட்டை வாங்க வந்தவரைப் பேசியே வீடு முழுக்கத் திரைச்சீலைத் துணி வாங்க வைத்து அனுப்பிவிடுவாள். அப்படிப்பட்ட வாய் அடைத்துப்போகிறது என்றால் யாருக்குத்தான் மனசு ஆறும்?

ஒரு பெண் பொறியாளர் செய்த செயலி ஒன்றைப் பற்றி யாரோ சொன்னார்கள். அந்தப் பெண்ணின் அப்பாவுக்கும் இதே நோய், அவருக்காகச் செய்தது. அறுவைக்கு முன்னால் நம் குரலில் சில நூறு வாக்கியங்களைப் படித்துக் கொடுத்துவிட்டால், பிறகு நாம் எதை எழுதினாலும் அது நம் குரலிலேயே பேசும். எதிரொலி வராமலிருக்க அலமாரிக் கதவைத் திறந்து வைத்து, தொங்குகிற துணிகளுக்கு நடுவே தலையை நீட்டி, ஒரு வாரம் படித்தாள் அவள். 'தண்ணீர் வேண்டும்', 'வலிக்கிறது', 'விளக்கை அணைக்கவும்' என்று கொடுத்திருந்ததைப் பார்த்துச் சிரித்தாள். தண்ணீர் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் மனுஷி உயிரோடு இருக்கிறாள் என்று யார் நம்புவார்கள் என்றாள். தானாக நிறையச் சேர்த்தாள். சேர்த்ததில் முக்கால்வாசி புருஷனைத் திட்டுகிற வசனங்கள். கடைசி நாளன்று வெறுமனே சிரித்தும் பதிவு செய்தாள். அந்தச் சிரிப்புக்கும் ஒரு பொத்தான் இருந்தது.

இனி அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருக்கு ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தில் வேலை. வண்டி ஓட்டுகிறவர்கள், பெட்டி பிரிக்கிறவர்கள், வீடு வீடாகக் கொண்டு கொடுக்கிறவர்கள், எல்லார் கையிலும் நிறுவனம் தந்த கைபேசி. அதில் எந்தச் செயலி இருக்கலாம், எது கூடாது, எதை யாருக்கு அனுப்பலாம் என்பதையெல்லாம் ஒரே இடத்திலிருந்து கட்டுப்படுத்துகிற திரை ஒன்று உண்டு. அந்தத் திரைக்கு முன்னால் உட்காருகிறவர் இவர். அதனால் பூட்டுக்காரர் என்று பெயர் வைத்திருந்தார்கள். முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள். அவருக்கும் தெரியும், உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அவர் கெட்டவர் இல்லை. யாரோ ஒருவன் பொழுதுபோகாமல் ஏதோ விளையாட்டை ஏற்றப்போய், அதோடு ஒட்டிக்கொண்டு வந்த திருட்டுச் செயலி ஒன்று வாடிக்கையாளர் முகவரிகளையெல்லாம் வாரிக்கொண்டு போய்விட்டது. பெரிய ரகளை. அதற்குப் பிறகுதான் மேலிடம் உத்தரவு போட்டது: அனுமதித்த செயலிகள் தவிர மற்ற எல்லாவற்றையும் எல்லாக் கைபேசியிலிருந்தும் நீக்கிவிட வேண்டும். அதில் நியாயம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

செய்தி பரவியதும் சிலர் அவர் மேசைக்கு வந்தார்கள். வேன் ஓட்டுகிற பெண் ஒருத்தி வந்தாள். அவளுடைய சின்ன மகள் வீட்டில் படம் வரைந்தால் உடனே அம்மா கைபேசியில் தெரிகிற மாதிரி ஒரு செயலி வைத்திருந்தாள். காலையில் குழந்தை எழுவதற்கு முன்னால் கிளம்புகிறவள், இருட்டின பிறகு திரும்புகிறவள். சிக்னலில் நிற்கிற நேரத்தில் ஒரு யானையோ ஒரு வீடோ வந்து விழும். இவள் ஒரு நட்சத்திரம் போட்டு அனுப்புவாள். தனக்கென்று இன்னொரு கைபேசி வாங்க வசதியில்லை.

"இத மட்டும் விட்டுடுங்க சார்" என்றாள்.

"டெலிவரிக்கும் டிராயிங்குக்கும் என்னம்மா சம்பந்தம்? உங்களுக்கு ஒண்ணு விட்டா நாளைக்கு நூறு பேர் வந்து நிப்பாங்க. எல்லாருக்கும் ஒரே சட்டம்தான்."

அவள் வண்டிக்குத் திரும்பிப் போனாள். அவர் அதோடு அவளை மறந்துபோனார்.

மறுநாள் மதியம் திரையில் அந்தப் பொத்தானை அழுத்தினார். செயலிகளும் அவற்றுக்குள் உள்ளவையும் சேர்ந்து அழியும், திரும்ப வராது, எந்தெந்தக் கைபேசிகள் என்று ஒருமுறை பார்க்கிறீர்களா என்று திரை கேட்டது. நீளமான பட்டியல். பசி வேளை. பார்க்க வேண்டாம் என்று தட்டிவிட்டுச் சாப்பிடப் போனார். நாமெல்லாம் 'ஒப்புக்கொள்கிறேன்' என்று தட்டுகிறோமே, அதே அலட்சியம்தான். அவர் கையில் இருந்தது மட்டும் ஊரார் சாமான்.

சாயங்காலம் வீட்டுக் கதவைத் திறந்தபோது, "வந்துட்டீங்களா? செருப்ப நடுவுல விடாதீங்க" என்று வழக்கமாக வருகிற குரல் வரவில்லை. மனைவி சாப்பாட்டு மேசை முன் உட்கார்ந்திருந்தாள். கைபேசி அவளுக்கு எதிரே மேசை மேல் கிடந்தது. திரையில் ஒரே ஒரு வரி: நிர்வாகியின் கொள்கைப்படி இந்தச் செயலி நீக்கப்பட்டது.

அந்தக் கைபேசி அலுவலகத்தில் பழசாகிக் கழித்துப் போட்டது. ஒலி கணீரென்று இருக்கும் என்பதால் மேலதிகாரியிடம் கேட்டு வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். கட்டுப்பாட்டிலிருந்து அதை விடுவித்துக் கொடுத்திருக்க வேண்டும். விடுவிக்கவில்லை. திரை உடைந்தால் அலுவலகக் கணக்கில் மாற்றிக்கொள்ளலாமே என்ற சின்ன ஆசையில், பட்டியலில் அதை உதிரிக் கைபேசிகளோடு சேர்த்து வைத்திருந்தார்.

அவள் ஒரு காகிதத்தை அவர் பக்கம் நகர்த்தினாள். 'நிர்வாகின்னா யாரு?' என்று எழுதியிருந்தது. அவளுக்குத் தெரியாமல் இல்லை. அவர் வாயால் வரட்டும் என்று காத்திருந்தாள்.

"நான்தான்" என்றார் அவர்.

அன்றைக்கே அந்தப் பொறியாளரை அழைத்துக் கெஞ்சினார். எங்கேயாவது ஒரு பிரதி இருக்குமே என்றார்.

"எல்லாம் அந்த போன்லதாங்க இருந்துச்சு. ஒருத்தங்க குரல் இன்னொருத்தர் கைக்குப் போயிடக்கூடாதுன்னு நான் எங்கேயும் சேத்து வெக்கறதில்ல. வெளியில ஒரு காப்பி எடுத்து வெச்சுக்கச் சொல்லி ஆப் அடிக்கடி கேட்டிருக்குமே?"

கேட்டதுதான். மனைவியும் எடுத்துப் பார்த்தாள். 'அனுமதி இல்லை' என்று வந்தது. நிறுவனக் கைபேசியிலிருந்து எதையும் வெளியே நகலெடுக்க முடியாது என்று விதி வைத்தவர் யார்? அவரேதான். இதை அவள் அப்போதே சொன்னாள். அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார். எத்தனையோ அடுத்த வாரங்கள் போய்விட்டன.

பழைய குரல் எங்காவது கிடைத்தால் செயலியை மறுபடியும் பழக்கலாம் என்றாள் அந்தப் பெண். தேட ஆரம்பித்தார். கடையிலிருந்து மனைவி அவருக்கு அனுப்பிய குரல் செய்திகள் எத்தனை! வரும்போது எலுமிச்சம்பழம் வாங்கி வரச் சொன்னது, மழை வருகிறது மொட்டை மாடித் துணியை எடுக்கச் சொன்னது. எல்லாம் அவருடைய அலுவலகக் கைபேசியில் வந்தவை. மாதா மாதம் பழைய செய்திகள் தானாக அழிய வேண்டும் என்பது அவர் வைத்த இன்னொரு விதி. அப்போது அது நல்ல விதியாகத்தான் பட்டது.

கல்யாண வீடியோவில் பாட்டுத்தான் ஓடியது. ஜவுளிக் கடையில் கேமரா இருந்ததே என்று அங்கே போய்க் கேட்டார். அதில் படம்தான் பதிவாகுமாம். கடைசியில் பக்கத்து வீட்டுக்காரர் தன் குழந்தை நடை பழகுவதைப் படம் பிடித்ததில், படத்துக்கு வெளியே எங்கிருந்தோ அவள் "தள்ளி நில்லுங்க" என்று சொல்வது கேட்டது. இரண்டே வார்த்தை. இது போதாது என்று பொறியாளர் சொல்லிவிட்டாள். அவர் அதை வாங்கி வைத்துக்கொண்டார். குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு, காதோடு ஒட்டி வைத்துக் கேட்பார். தள்ளி நில்லுங்க. தள்ளி நில்லுங்க. என்னமாய் ஏங்கிப்போனார் மனுஷன்! கூடவே இருக்கிற மனைவிக்காக, அவள் அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருக்கும்போதே, ஏங்கினார்.

ஒருநாள் தண்ணீரைத் திறக்க மறந்துவிட்டார். கதவைத் திறந்தபோது அவள் வாசலில் நின்றிருந்தாள். கையை நீட்டிக் கைபேசியை வாங்கினாள். தானும் காதில் வைத்துக் கேட்டாள். உதடு அந்த வார்த்தைகளோடு சேர்ந்து அசைந்தது. அவள் கண் நிறைந்து வழிந்தது. அவள் தன் குரலுக்காக ஏங்குவாள் என்பது அதுவரை அவருக்குத் தோன்றவே இல்லை. தனக்குத்தான் இழப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

அவளுக்குச் சொந்தமாகப் புதுக் கைபேசி ஒன்று வாங்கிக் கொடுத்தார். எழுதியதைப் படிக்கிற பொதுச் செயலி ஒன்று அதில் இருந்தது. செய்தி வாசிக்கிற மாதிரி யாரோ ஒரு இளம்பெண்ணின் குரல். மறுநாள் காலையில் அந்தக் குரல், "ஏங்க, டீ ஆறுது" என்றது. வழியில் போகிற யாரோ ஒருத்தி தன்னை 'ஏங்க' என்று கூப்பிட்டுவிட்டது போல அவருக்குக் கூச்சமாகிவிட்டது. அவர் முகம் போன போக்கைப் பார்த்து அவள் தோள் குலுங்கச் சிரித்தாள். சத்தமில்லாத சிரிப்பு. சிரிப்புக்கு அந்தச் செயலியில் பொத்தான் இல்லை.

அந்த வாரமே மேலதிகாரி அவரை அறைக்குக் கூப்பிட்டார். அடுத்த உத்தரவு தயாராக இருந்தது: கைபேசிகளில் உள்ள சொந்தப் படங்களையும் மொத்தமாக அழித்துவிட வேண்டும், சாதனங்கள் மந்தமாகின்றன. பூட்டுக்காரர் உட்காரவில்லை. முதலில் தன் வீட்டு விஷயத்தை ஒளிக்காமல் சொன்னார். அலுவலகக் கைபேசியைக் கட்டுப்பாட்டிலேயே விட்டு வைத்தது தன் தவறு, அதற்கு என்ன நடவடிக்கையானாலும் சரி என்றார். ஆனால் கேட்காமல் இனி ஒரு படத்தைக்கூட அழிக்க மாட்டேன் என்றார்.

"பொருள் நம்மளுது. நாம வெக்கறதுதான் சட்டம்" என்றார் மேலதிகாரி.

"பொருள் நம்மளுதுதான் சார். உள்ள இருக்கறது அவங்களோடது. பூட்டு போட நமக்கு உரிமை இருக்கலாம். உள்ள இருக்கறத அவங்க எடுத்து வெளிய வெச்சுக்கறதுக்கு முன்னாடி பூட்டறது திருட்டு. நான் அதத்தான் பண்ணியிருக்கேன்."

மேலதிகாரி கொடூரர் அல்ல. பேனாவை உருட்டிக்கொண்டே யோசித்தார். முகவரிகள் களவு போனது மறுபடி நடக்கக்கூடாது என்றார். நடக்காது என்றார் இவர். ஆபத்தானதை நிறுத்தலாம், ஆனால் எதை நீக்கினாலும் முதலில் ஆளுக்கு ஆள் சொல்ல வேண்டும், நகலெடுத்துக்கொள்ள நாள் கொடுக்க வேண்டும், பாதகமில்லாத செயலியை விட்டுவைக்க வேண்டும். இழுபறிக்குப் பிறகு மேலதிகாரி ஒப்புக்கொண்டார். தவறுக்கு எழுத்தில் எச்சரிக்கையும் கொடுத்தார். அதை அவர் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

நேராக வண்டி நிறுத்துமிடத்துக்குப் போய் அந்த வேன் ஓட்டுநரைத் தேடினார். அவள் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தாள். படம் வரைகிற செயலியை மறுபடி வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னார். அவள் சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தார்.

"பழைய படமெல்லாம் வராதுல்ல சார்?" என்றாள். அப்புறம் அவளே, "பதில் வரலன்னதும் அம்மாவுக்குப் புடிக்கலன்னு நெனச்சுக்கிட்டா. இப்ப வரையறதில்ல" என்று சொல்லிவிட்டு அடுத்த பெட்டியைத் தூக்கினாள். அவர் மன்னிப்புக் கேட்டார். அவள் தலையை ஆட்டினாள். பரவாயில்லை என்று மட்டும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். இனிமேல் யாரையும் கேட்காமல் எதையும் எடுக்க முடியாது, நானே போராடி விதியை மாற்றிவிட்டேன் என்று சொன்னபோது அவர் குரலில் லேசாக ஒரு பெருமை எட்டிப் பார்த்தது. ஒரு பாராட்டு கிடைக்கும் என்று அவள் முகத்தையே பார்த்தார். அவள் கைபேசியை எடுத்து நெடுநேரம் எழுதினாள். பிறகு அந்த அந்நியக் குரல் பேசியது. குரல்தான் வேறு, பேச்சு முழுக்க அவளுடையது.

"ஆபரேஷனுக்கு முன்னாடி டாக்டர் என் பக்கத்துல உக்காந்து, குரல எடுக்கப்போறேன், சம்மதமான்னு கேட்டாரு. நான் அழுதேன். அழுது முடிக்கற வரைக்கும் இருந்து, திரும்பவும் கேட்டாரு. எடுக்கலன்னா செத்துப்போயிடுவேன்னு தெரிஞ்சும், நான் சரின்னு சொல்ற வரைக்கும் அவரு கத்தியத் தொடல. உயிரக் காப்பாத்த வந்தவரே கேட்டுட்டுத்தாங்க எடுத்தாரு. பூட்டு போட வந்த உங்களுக்குக் கேக்கறதுக்கு என்ன?"