எட்டாம் படி

விடியும் முன்பே மன்னார்புரம் ஷெட்டில் ஆஸ்பெஸ்டாஸ் என்று சொல்கிற கல்நார் மூட்டைகளைப் பிரித்துவிடுவோம். ரைஸ்மில் பாய்லர்களுக்கு மேலே பூசுகிற பூச்சுக்கு அதுதான் சரக்கு. உதறிச் சலித்து, மறுபடி மூட்டையாக்கி, பதினாறு படி ஏறி மேல்தளத் தொட்டியில் கொட்ட வேண்டும். கொட்டி முடிப்பதற்குள் நார்த்தூசியில் புருவமெல்லாம் நரைத்துவிடும். என் மூக்குத்திகூடத் தெரியாது.

அடைக்கலம் அண்ணன் யுத்த காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். இருபத்துநாலு வருஷம் ஏறிய கால், இந்தத் தை பிறந்ததிலிருந்து எட்டாம் படியில் நின்றுவிடுகிறது. மல்லாந்து படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்தே தூங்குகிறாராம். நாலு சொம்பு தண்ணீர் ஊற்றிக் குளிப்பதற்குள் இரண்டு தடவை உட்காருகிறாராம். அவர் பெண்சாதி காளியாயி சொல்லி அழுதாள்.

முதலாளி ரத்தினவேல் தன் காரிலேயே அவரை ஏற்றிப்போய் எக்ஸ்ரே எடுத்துவந்தார். எனக்குப் பொறி தட்டியது. குடிதண்ணீர்ப் பானை வைக்க மூன்று வருஷம் யோசித்த மனுஷனுக்கு என்ன இந்தத் திடீர்க் கரிசனம்?

"படத்துல என்னங்க இருக்காம்?" என்று கேட்டேன்.

"பீடிச் சளி. நாளைக்கு மூட்டையோட நிக்காம ஏறட்டும். இல்லேன்னா வேற ஆளு வரும்."

"அண்ணன் பீடியைத் தொட்டதே இல்லீங்களே. படத்தை அவர் கையில குடுத்திடலாமில்ல?"

"உனக்குப் படம் பாக்கத் தெரியுமா வீரம்மா?"

"தெரியாதுங்க. நீங்க அதை பீரோவுல வச்சுப் பூட்டுனது தெரியும்."

அவர் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

சாயங்காலம் வேலை முடிந்து ஸ்ரீரங்கத்துக்குக் காவிரிப் பாலத்தில் நடந்து வந்தோம். கூட வேலை செய்யும் தாஜுதீன் பாய் மேல் எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம். ஆற்றைப் பார்க்கிற சாக்கில் பின்தங்கி, எங்கள் பேச்சை முதலாளி காதில் ஓதுகிறார் என்று.

"ஏன் நின்னு நின்னு வரீங்க பாய்? யாருக்குச் சேதி சொல்றதுக்கு?"

அவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். "மூச்சு வாங்குது தங்கச்சி. வெளிய தெரிஞ்சா வேலை போயிடும். அதான் ஆத்தைப் பாக்குறேன்."

எனக்கு வெட்கமாகிவிட்டது. பக்கத்தில், எங்களோடு மூட்டை தூக்கும் லூர்துராணி செருப்பைச் சரிசெய்யக் குனிந்திருந்தாள். அன்றைக்கு அவள் செருப்பே போட்டிருக்கவில்லை. நான் மட்டும் என்ன யோக்கியம்? கொண்டையை அவிழ்த்து முடிகிற சாக்கில்தான் தினமும் நின்றுகொண்டிருந்தேன். தனக்கு மட்டும்தான் என்று ஆளாளுக்கு மறைத்திருக்கிறோம், பாவிகள். மற்றவர்களுக்கும் அப்படித்தான் என்று மறுநாள் விடிகாலையில் ஷெட் வாசலில் விசாரித்தபோது தெரிந்தது.

அன்று அடைக்கலம் அண்ணன் மூட்டையோடு முன்னால் ஏறினார். பின்னால் படிக்கு ஒருவராக நாங்கள் ஏழு பேர். எட்டாம் படியில் அவர் நின்றார்.

"ம், ஏறு," என்றார் கீழே நின்ற முதலாளி.

நான் மூட்டையை இறக்கிவிட்டு உட்கார்ந்தேன். எனக்குக் கீழே ஒவ்வொரு மூட்டையாக இறங்கியது.

"என்ன இது?"

"மூச்சு வாங்குதுங்க." கொண்டையை நான் தொடவில்லை.

"எனக்கும்ங்க," என்றார் தாஜுதீன் பாய்.

"எனக்கும்," என்றாள் லூர்துராணி.

"எட்டுப் பேருக்கும் வெளி டாக்டர்கிட்டப் படம் எடுக்கணும். அண்ணன் படம் அவர் கைக்கு வரணும். அதுவரைக்கும் மூட்டை மேல போகாதுங்க," என்றேன்.

"எட்டுப் பேரையும் நிறுத்திடுவேன்."

ஒருவரும் எழுந்திருக்கவில்லை. வாசலில் சரக்குக்கு வந்த லாரி ஹாரன் அடித்தது. முதலாளி சாவியைத் தடவிக்கொண்டே நின்றார்.

அடைக்கலம் அண்ணன் மூட்டையை இறக்கிவிட்டு மெல்ல உட்கார்ந்தார். சாய்வதற்கு அங்கே சுவர் இல்லை. ஒரு படி ஏறி அவர் பக்கத்தில் திரும்பி உட்கார்ந்து என் முதுகைக் கொடுத்தேன். அவர் சாய்ந்துகொண்டார். அவர் மூச்சு சீராகும்வரை எல்லோரும் காத்திருந்தோம்.